ஆப்பிரிக்க சஃபாரிக்கு ஆளுக்கு மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். குறைந்த செலவில் போக வழியே இல்லையா?

வழி இருக்கிறது. ஜூலை கடைசியில் ஐந்து நாள் கென்யாவின் மசாய் மாரா, ஏஜென்ட் ஆளுக்கு மூன்றரை லட்சம் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. நாலு பேர் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் செலவைக் குறைக்கத் தோதான எண்ணிக்கை அதுதான். இரண்டே பேர் என்றால் நைரோபியில் கிளம்பும் கூட்டு வேனில் சேர்ந்துகொள்ளுங்கள். கணக்கு ஏறக்குறைய இதே அளவில்தான் வரும்.

சஃபாரி விலையில் மூன்று சமாச்சாரம்தான் இருக்கிறது: பூங்கா நுழைவுக் கட்டணம், வண்டி, தங்குமிடம். இந்த மூன்றையும் பிரித்து எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பிரித்துத் தர மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். எல்லா ஏஜென்ட்டும் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட், விசா, ஹோட்டல், கூடவே ஒரு தமிழ் டூர் மேனேஜர் என்று எல்லாம் சேர்ந்த பேக்கேஜுக்கு அந்த விலை நியாயமாகவே இருக்கலாம். நீங்கள் கேட்டது குறைந்த செலவில் போக, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் நுழைவுக் கட்டணம். இதில் பேரமே கிடையாது, ஆனால் அதிகப் பணம் வீணாவதும் இதில்தான். மசாய் மாரா தேசியக் காப்பகத்தை நடத்துவது நரோக் மாவட்ட நிர்வாகம். 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். ஜூன் 30-க்கும் ஜூலை 1-க்கும் நடுவே சிங்கம் ஒன்றும் மாறிவிடுவதில்லை, கட்டணம் மட்டும் இரட்டிப்பாகிறது.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று. முன்பு டிக்கெட் 24 மணி நேரத்துக்குச் செல்லும். இன்று மதியம் நுழைந்து, வெளியே தங்கி, நாளை காலை அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போகலாம். இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும்தான். காப்பகத்துக்கு உள்ளேயே தங்குபவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறினால் அந்த நாளுக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். ஆனால் மலிவான கேம்ப் எல்லாம் கேட்டுக்கு வெளியே செக்கனானி, தாலெக், ஒலோலைமுதியா பக்கம்தான் இருக்கின்றன. பழைய 24 மணி நேரக் கணக்கில் உருவான "மூன்று பகல், இரண்டு இரவு" பேக்கேஜ் இன்னும் விற்கிறது. அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் நைரோபியிலிருந்து வந்து சேரவே மதியம் ஆகிவிடும். சாப்பிட்டு, நாலு மணிக்கு உள்ளே போய், ஆறு மணிக்கு வெளியே. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு டிக்கெட். இரண்டாம் நாள் முழுதும் உள்ளே, அதற்கு ஒன்று. மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு ஊர் திரும்ப இன்னொன்று. ஜூலையில் இது ஆளுக்கு 600 டாலர்.

இதை மூன்று இரவாக மாற்றுங்கள். வந்து சேரும் நாளில் உள்ளே போக வேண்டாம். அடுத்த இரண்டு நாளும் ஆறு மணிக்கு கேட் திறக்கும்போதே நுழைந்து, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, மாலை வரை உள்ளேயே இருங்கள். நாலாம் நாள் காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டே டிக்கெட், 400 டாலர். ஜூனுக்குள் போனால் 200. முழுதாக 24 மணி நேரம் காட்டுக்குள் கிடைக்கிறது, முன்னதில் கிடைப்பதோ 17 மணி நேரம். ஒரு இரவு கூடுதலாகத் தங்கியும், ஒரு நாள் வண்டி வாடகை கூடுதலாகக் கொடுத்தும், ஜூலையில் மொத்தச் செலவு குறைகிறது. "பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எந்த மிருகம் கண்ணில் படும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிங்கம் படுத்துத்தான் கிடக்கும், உண்மை. ஆனால் சிறுத்தைப்புலி மாதிரி இல்லாமல் சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிற மிருகம். ஆற்றில் நீர்யானையையும் முதலையையும் பார்க்கவும் பகல்தான் வசதி. செக்கனானியிலிருந்து மாரா ஆற்றங்கரை வரை போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும், இரண்டு மணி நேர மாலைச் சுற்றில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியாது.

எந்த மாதம் போவது? ஜூலைதான் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது வில்டபீஸ்ட் என்கிற ஆப்பிரிக்கக் காட்டுமாட்டு மந்தை ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் என்று ஊகிக்கிறேன். மந்தை வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் பக்கத்துத் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மாராவுக்குள் வரும், அக்டோபர் வாக்கில் திரும்பும். தேதி சொல்லி எந்த மந்தையும் ஆற்றில் இறங்குவதில்லை. கரையில் ஆறு மணி நேரம் காத்திருந்து, மந்தை திரும்பிப் போய்விடுவதும் உண்டு. அது ஒன்றுதான் ஆசை என்றால் கூடுதல் காசு கொடுத்துப் போங்கள், தப்பில்லை. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, எருமை பார்க்க வேண்டும் என்றால் அவை வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கின்றன. காசுக்கு ஏற்ற மாதம் பிப்ரவரி: மழை குறைவு, புல் குட்டை, கட்டணம் 100 டாலர்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதுதான் தொல்லை. அங்கே அப்போது பெருமழைக் காலம். மாரா மண் நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியே கருப்பு மண். நனைந்தால் டயரில் சோறு மாதிரி அப்பிக்கொண்டு பள்ளமே தெரியாமல் மூடிவிடும், அதன்பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு நாள் கிடைக்காது என்றால் மே கடைசி வாரம் போங்கள். மழை அடங்கிக்கொண்டிருக்கும், கேம்ப் விலையும் குறைவு. புல் மட்டும் உயரமாக இருக்கும்.

இரண்டாவது வண்டி. வாடகை கணக்கிடுவது வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. அதனால்தான் நாலு பேர் என்று ஆரம்பித்தேன். கூரை மேலே எழும்பும் டொயோட்டா வேன், டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து நாளுக்குப் பொதுவாக 150 முதல் 200 டாலர். லேண்ட் குரூசர் என்றால் 220-லிருந்து 300 வரை போகும். காய்ந்த மாதங்களில் வேனே போதும். மழை மாதத்தில் நாலு சக்கர இழுவை இல்லாத வேனில் போவது, மிச்சம் பிடித்த காசைச் சேற்றில் போடுவது. கூட்டு வேனில் சேர்வதானால் "அதிகபட்சம் ஆறு பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை" என்று எழுத்தில் வாங்குங்கள். எட்டுப் பேரை ஏற்றிவிட்டால், கூரை திறந்ததும் எழுந்து நிற்கும்போது நடுவில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். கூரைத் தூண்கள் சரியாகப் பூட்டுகின்றனவா என்று கிளம்பும்போதே திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டு தேய்ந்த கூரை கரடுமுரடான பாதையில் தலைமேல் இறங்கும்.

இன்னும் சிக்கனமாகப் போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி: நைரோபியிலிருந்து மட்டாட்டு என்கிற ஷேர் வேனில் நரோக், அங்கிருந்து இன்னொன்றில் செக்கனானி அல்லது தாலெக். கேம்ப்பிலேயே இரண்டு நாளுக்கு மட்டும் சஃபாரி வண்டி எடுத்துக்கொள்ளலாம். நாலு நாள் வண்டி வாடகை இரண்டாகக் குறையும். ஷேர் வேன் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் என்பதால் பயணத்துக்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். குழந்தைகளோடு வேண்டாம்.

தங்குமிடத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக்கு வெளியே, உள்ளே கழிப்பறை வைத்த கூடாரம், மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 50 முதல் 80 டாலர். புக் செய்யுமுன் ஒரே கேள்வி: "எந்த கேட், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்?" பெயரில் மாரா என்று இருந்தாலும் கேட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற கேம்ப்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரம் உங்கள் பன்னிரண்டு மணி நேர டிக்கெட்டில் கழியும். மின்சாரம் பல இடங்களில் சில மணி நேரம்தான், பவர் பேங்க் எடுத்துப் போங்கள். சைவம் என்றால் கவலை வேண்டாம். சப்பாத்தி அங்கே அன்றாடச் சாப்பாடு, கூடவே ண்டெங்கு என்கிற பச்சைப்பயறுக் குழம்பு கிடைக்கும்.

கூட்டிப் பார்ப்போம். நாலு பேர், மூன்று இரவு, ஜூனுக்குள்: நுழைவு 200, வேன் நாளுக்கு 180 வீதம் நாலு நாள் 720, அதில் ஆள் பங்கு 180, கேம்ப் இரவுக்கு 60 வீதம் 180. ஆளுக்கு 560 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 50,000. ஜூலையில் 760 டாலர், சுமார் 68,000. மேலே விமான டிக்கெட் (மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு, சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் போகலாம்), நைரோபியில் இரண்டு இரவு, டிரைவருக்கு டிப்ஸ். விமானத்தை முன்கூட்டியே 50,000 வாக்கில் பிடித்துவிட்டால் ஒன்றேகால், ஒன்றரை லட்சத்துக்குள் முடியும்.

புக்கிங் செய்யும்போது: நைரோபி நிறுவனங்கள் நாலைந்துக்கு ஒரே மாதிரி மெயில் அனுப்புங்கள். தேதி, ஆட்கள், வயது, கேட் பெயர், எத்தனை நாள் உள்ளே என்று திட்டத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் விலையை ஒப்பிட முடியும். கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்டோ (KATO) என்கிற டூர் ஆப்பரேட்டர் சங்க உறுப்பினரா என்று அந்தச் சங்கத்தின் பட்டியலிலேயே பாருங்கள். முன்பணம் 20, 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். நுழைவு ரசீது உங்கள் பெயரில் வேண்டும் என்பதையும் வவுச்சரில் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரேஞ்சர் மடக்கும்போது ரசீது இல்லை என்றால் மாட்டுவது நீங்களும்தான்.

விசா கிடையாது, 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் பயண அனுமதி எடுத்தால் போதும், 30 டாலர். அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போல் தோற்றமளிக்கும் தரகுத் தளங்கள் இரண்டு மடங்கு வாங்குகின்றன.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேரே போகிறவரிடம் கென்யா கேட்பதில்லை என்பதால் "தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாள்களில்தான் போடுவார்கள், எனவே விமான டிக்கெட் எடுத்த வாரமே போய்விடுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெட்டியில் பிளாஸ்டிக் பை வேண்டாம், 2017 முதல் கென்யாவில் தடை. ஸ்வெட்டர் கட்டாயம்: மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், காலை ஆறு மணிக்குத் திறந்த கூரையில் நிற்கும்போது பல் கிட்டும்.

தான்சானியா மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே அருஷா நகரிலிருந்து செரங்கெட்டி போக ங்கொரொங்கோரோ என்கிற எரிமலைப் பள்ளக் காப்பகம் வழியாகத்தான் பொதுவான பாதை. போகும்போதும் வரும்போதும் அதற்கும் கட்டணம். பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு வரியோடு 295 டாலர் தனி. உங்களில் ஒருவர் நன்றாகக் கார் ஓட்டுவார் என்றால் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவைப் பாருங்கள். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் சாதாரண வாடகைக் கார் போதும், தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகம், வண்டியை விட்டு இறங்கக்கூடாது. ஸ்கூகூசா, சட்டாரா, லோயர் சபீ முகாம்களில் சமையல் வசதி இருக்கிறது, குக்கரில் சாதம் வைத்துக்கொள்ளலாம். அரசு முகாம்கள் ஒரு வருஷம் முன்பே நிரம்ப ஆரம்பித்துவிடும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காய்ந்த காலம். டிரைவரும் சஃபாரி வண்டியும் கணக்கில் வராததால் இரண்டு பேருக்கே கட்டுப்படியாகும்.

கேள்விக்கு வெளியே ஒன்று. "சிங்கம் வேட்டையாடுவதைக் காட்டினால்தான் டிப்ஸ்" என்று டிரைவரிடம் பேரம் பேசுகிறார்கள். அவர் என்ன செய்வார்? பாதையை விட்டுப் புல்லில் இறக்குவார், அது காப்பகத்தில் தடை. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் காற்றில் போகும். சிவிங்கிப்புலி மான் பின்னால் ஓடும் பாதையில் பத்து வேன் குறுக்கே நின்றால் வேட்டை தப்பிவிடும், குட்டிகளுக்கு அன்று இரை இல்லை. மாட்டினால் தண்டமும் தடையும் டிரைவருக்குத்தான், அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையில். முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "எங்களுக்கு அவசரம் இல்லை, எதைப் பார்த்தாலும் சரி, நிதானமாகப் போங்கள்." மற்ற வண்டிகள் ரேடியோவைக் கேட்டுப் பறக்கும்போது, அவர் ஒரு மரத்தடியில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். யானைக் கூட்டம் உங்களைத் தாண்டி நடந்து போவது அப்படி நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில்தான்.