அரசறிவியல் படித்தால் மகளுக்கு உத்தியோகம் எங்கே? டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அக்கா,

டொக்டருக்குப் படிக்கக்கூடிய பிள்ளை, அரசறிவியல்தான் படிப்பேன், ஐரோப்பிய ஒன்றிய விவகாரங்களில்தான் வேலை செய்வேன் என்று நிற்கிறாள் என எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. எங்கள் ஆட்களில் அந்தப் பக்கம் போனவர்கள் குறைவு. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

டென்மார்க்கின் சனத்தொகை ஏறத்தாழ 60 இலட்சம். ஒன்றியத்தில் இருப்பதோ சுமார் 45 கோடிப் பேர். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் ஒன்றியத்தின் அமைச்சர் சபையில் பெரும்பாலான சட்டங்கள் நிறைவேற 55 வீத நாடுகளும் 65 வீத சனத்தொகையும் ஆதரித்தால் போதும். வாக்குப் பலத்தை மட்டும் நம்பி டென்மார்க் எதையும் தடுத்துவிட முடியாது. நேரத்தோடு, தெளிவாக, நாடு முழுவதும் ஒரே நிலைப்பாட்டோடு போய்ப் பேசினால்தான் காது கொடுப்பார்கள். அந்த நிலைப்பாட்டை உருவாக்குவதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் வேலை.

பால்டிக் கடலில் அடுத்த ஆண்டு எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு ஒரு முன்மொழிவை வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்குப் பொறுப்பான அமைச்சில் ஓர் இளம் அதிகாரி முதலில் அதை வாசிப்பார். இதனால் யாருக்கு என்ன பாதிப்பு, எவ்வளவு செலவு, யார் எதிர்ப்பார்கள் என்று குறிப்பு எழுதுவார். அதை அந்தத் துறைக்குரிய சிறப்புக் குழுவில் வைப்பார்கள். இப்படி 30க்கும் மேற்பட்ட குழுக்கள் உண்டு. மற்ற அமைச்சுகளின் அதிகாரிகளோடு மீனவர் சங்கம், தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு போன்றவையும் தங்கள் கருத்தைச் சொல்லும். அங்கே தீராத சிக்கல் வெளிநாட்டமைச்சு தலைமை தாங்கும் மூத்த அதிகாரிகள் குழுவுக்கும், தேவைப்பட்டால் அமைச்சர்கள் குழுவுக்கும் போகும்.

அடுத்தது பாராளுமன்றம். வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில், கிறிஸ்தியான்ஸ்போர்க் மாளிகையில், 17 பேர் கொண்ட ஐரோப்பியக் குழுவின் முன் அமைச்சர் வந்து தனது பேச்சுவார்த்தை நிலைப்பாட்டை வாய்மொழியாகச் சொல்வார். கட்சிகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும். தலைவர் அந்தக் கட்சிகளின் பாராளுமன்ற ஆசனங்களைக் கணக்குப் பார்த்து, எதிராகப் பெரும்பான்மை இல்லை என்றால், அந்த நிலைப்பாட்டோடு போய்ப் பேசுவதற்கான ஆணை அமைச்சருக்குக் கிடைத்துவிட்டது என அறிவிப்பார். பேச்சுவார்த்தை மேசையில் அந்த எல்லையை அமைச்சரால் தாண்ட முடியாது. தாண்ட வேண்டி வந்தால் குழுவிடம் திரும்பி வரவேண்டும். டென்மார்க் 1973இல் ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே பன்றி இறைச்சி ஏற்றுமதி தொடர்பாக எழுந்த பெரும் சர்ச்சைக்குப் பிறகு உறுதியான நடைமுறை இது. 1909க்குப் பிறகு எந்தத் தனிக் கட்சியும் இங்கே பெரும்பான்மை பெற்றதில்லை. அதனால் பாராளுமன்றம் பிறகு எதிர்த்து நிற்காது என்பதால் அமைச்சருக்கும் இது பாதுகாப்புத்தான். என் பார்வையில், ஒரு சிறிய நாடு தன் மக்களைக் கேட்டுவிட்டுப் பேசப் போவதற்கு இதைவிட நேர்மையான வழி அதிகம் இல்லை.

இனி உத்தியோகம். அநேகமாக எல்லா அமைச்சுகளிலும் இந்த வேலை உண்டு. பாராளுமன்றக் குழுவின் செயலகம், பல அமைச்சுகளின் அதிகாரிகள் பணியாற்றும் பிரசெல்ஸ் நிரந்தரத் தூதரகம், அங்கே அலுவலகம் வைத்திருக்கும் விவசாய, தொழில்துறை அமைப்புகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. ஒன்றியத்தின் நிறுவனங்களிலோ டேனிஷ்காரர் போதாது என்பது அரசின் நீண்டகாலக் கவலை.

அரசறிவியல் மட்டும்தான் வழி என்றும் இல்லை. சட்டம், பொருளியல் படித்தவர்கள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். மீன் ஒதுக்கீட்டைப் பற்றி எழுதுபவர் உயிரியல் படித்தவராக இருக்கலாம். டொக்டரும் சுகாதாரக் கொள்கைப் பக்கம் வரலாம். மகள் ஓர்ஹூஸ் அல்லது கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே ஏதாவது அமைச்சில் பகுதிநேர மாணவ உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். பட்டம் பெற்றதும் நிரந்தர வேலை கிடைக்க இது பெரிதும் உதவும். ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். திருத்தமான டேனிஷ் எழுத்துக்குத்தான் அவள் பாடுபட வேண்டும், பிரெஞ்சும் தொடங்கட்டும்.

ஒரு விடயத்தை இன்றைக்கே பாருங்கள்: மகளிடம் டேனிஷ் குடியுரிமை இருக்கிறதா? இங்கே பிறந்ததால் மட்டும் அது தானாக வராது. ஒன்றிய நிறுவனங்களில் நிரந்தரப் பணிக்கு உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் காத்திருக்கும் காலம் நீளும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். 2015 செப்டெம்பரிலிருந்து டென்மார்க் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு, புள்ளிகளோடு வேறு தகுதிகளையும் பார்க்கும் இரண்டாம் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க மார்ச் 15 நண்பகல் கடைசி, புள்ளிகளை மட்டும் பார்க்கும் முதலாம் ஒதுக்கீட்டுக்கு ஜூலை 5. அதற்கு முன்னர், பாராளுமன்ற இணையத்தளத்தில் ஐரோப்பியக் குழுவின் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். பார்த்ததில் ஒரு விடயத்தை எடுத்து மகள் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி எனக்கு அனுப்பட்டும். அதை வாசித்துவிட்டு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.