மக்காச்சோள முளைத்தீவனத்தில் பூஞ்சணம்: அறையில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: பல்லடம் பக்கம் 4 கறவை மாடு வைத்திருக்கிறேன். நிழல்வலை அறையில் ஹைட்ரோபோனிக் முறையில் (மண்ணில்லாமல், தண்ணீர் மட்டும் விட்டு) மக்காச்சோளத் தீவனம் வளர்க்கிறேன். 3-க்கு 1 அடி ட்ரே ஒன்றுக்கு 2½ கிலோ விதை. மாசியில் நன்றாக வந்தது. சித்திரையிலிருந்து ஐந்தாம் நாளே ட்ரேயின் நடுவில் பூஞ்சணம், புளித்த வாடை. ஈரம் போகாமலிருக்க நாலு பக்கமும் பாலித்தீன் தாள் கட்டி, ராத்திரியும் சேர்த்து மணிக்கொரு தடவை தண்ணீர் விடுகிறேன். சுவர் தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து எதுவும் வேண்டாம். இன்னும் இரண்டு நாளில் வேரோடு மாட்டுக்குப் போகிற தீவனம் அது.

முதலில் பூஞ்சணம்தானா என்று பாருங்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிவது வேர்த்தூவியாக இருக்கும். தண்ணீர் தெளித்ததும் வேரோடு ஒட்டிப் படிந்துவிடும். பூஞ்சணம் அப்படிப் படியாது. நூல் நூலாக ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குத் தாவும், பிறகு சாம்பல், பச்சை, கறுப்பு என நிறம் மாறும். உங்களுக்கு வாடையும் வருவதால் இது பூஞ்சணம்தான்.

காரணம் சூடும் காற்றடைப்பும். முளைக்கிற விதை மூச்சு விடும்போது வெப்பத்தை வெளியிடும். நெருக்கமாகப் போட்டால் அந்த வெப்பம் நடுவில் தேங்கும். சுவரில் 30 இருந்தால் விதைப் படுக்கைக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தெர்மாமீட்டரை வேர்ப்பின்னலுக்குள் செருகி, பிற்பகல் 3 மணிக்குப் பாருங்கள். மேல்தட்டு ட்ரேயில் பாருங்கள், அறையில் அதிகச் சூடு அங்கேதான். 28-க்குள் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் முளையைவிடப் பூஞ்சணம் வேகமாக வளரும்.

ட்ரேக்கு 1¾ கிலோ விதைதான் கணக்கு. கோடையில் 1½ போதும். பாலித்தீனை இன்றே கழற்றுங்கள். காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி ஒரு எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள். உங்கள் ஊர்க் காற்று வறண்டது என்பதால் சாக்கு நன்றாகவே குளிர்விக்கும் (கடலோர ஊர்களில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது).

ஈரப்பதம் 80-85 சதவீதம் போதும். அதற்கென்று தனிக் கருவி தேவையில்லை. இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறிக் காற்று படும்படி வையுங்கள். 28 டிகிரியில் இரண்டுக்கும் 2 முதல் 3 டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி. ஒரு டிகிரிக்கும் குறைந்தால் காற்று தேங்குகிறது, விசிறியைப் போடுங்கள். 4-ஐத் தாண்டினால் சாக்கை நனையுங்கள்.

தண்ணீர் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஓரிரு நிமிடம். இரவில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். ட்ரேயை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து வைத்து, பள்ளமான பக்கத்தில் துளை இருக்கிறதா, வேர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வடிந்த தண்ணீரைத் திரும்ப விடாதீர்கள். பூஞ்சண வித்து எல்லா ட்ரேக்கும் போய்விடும். வெளிச்சம் பற்றிக் கவலை வேண்டாம். நேர் வெயில் படாத சாதாரண வெளிச்சமே ஒரு வாரப் பயிருக்குப் போதும்.

விதையிலும் கவனம் வேண்டும். உடைந்த மணி முளைக்காது, பூஞ்சணம் முதலில் அதில்தான் பிடிக்கும். தீவனக் கடை மக்காச்சோளத்தில் இது நிறைய இருக்கும். 100 விதையை ஈரச்சாக்கில் வைத்து, 85-க்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டை வேண்டாம். மருந்து பூசிய சிவப்பு விதையைத் தொடவே கூடாது. மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, 10 லிட்டர் தண்ணீரில் 35 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் அரை மணி நேரம் போட்டு, நாலு தண்ணீர் அலசி, பிறகு ஊறவையுங்கள். ட்ரேயையும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே கரைசலில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

இப்போது பூஞ்சணம் பிடித்த ட்ரேயை முழுதாகக் குழியில் புதையுங்கள். மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். சில பூஞ்சணங்களின் நஞ்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது.

ஒரு கிலோ விதை ஆறு கிலோ ஆவதில் பெரும்பங்கு தண்ணீர். உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) அதிகமாவதில்லை, கொஞ்சம் குறையவே செய்யும். ஆகவே ஒரு மாட்டுக்கு நாளைக்கு 8 கிலோவுக்கு மேல் போகாமல், சோளத்தட்டோடு கலந்து கொடுங்கள். இவ்வளவு செய்தும் படுக்கைச் சூடு 30-க்குக் கீழே இறங்கவில்லையென்றால், சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அறையை மூடிவிடுவதே லாபம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் 10 சென்டில் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை நடுங்கள். முதல் வெட்டு 75 முதல் 80 நாளில் கிடைக்கும்.