நகையை அடகு வைக்க வேண்டாம் அம்மா

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒன்றரை லட்ச ரூபாய் லேப்டாப் கேட்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனால், கேம் விளையாடத்தான் கேட்கிறான் என்ற உங்கள் சந்தேகத்தையும் விட்டுவிடுங்கள். அந்தக் கார்டில் இருக்கும் ‘ஜிபியு’ என்ற சில்லு இன்று பெரிய பெரிய வேலைகளைச் செய்கிறது.

திரையில் படம் வரைவதற்காக வந்தது ஜிபியு. 2007-இல் என்விடியா நிறுவனம், ஜிபியுவுக்கு நிரல் எழுத உதவும் ‘குடா’வை வெளியிட்ட பிறகு, அதில் மற்ற கணக்குகளைப் போடுவதும் எளிதானது. வண்டியைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று வாகன நிறுவனங்கள் அதில் கணக்கிடுகின்றன. அதிர்வலைகளின் எதிரொலியை வைத்துக் கடலடிப் பாறை அடுக்குகளை எண்ணெய் நிறுவனங்கள் படமாக்குகின்றன. 2012-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தினர், படங்களை அடையாளம் காணும் ‘அலெக்ஸ்நெட்’டைக் கடையில் கிடைத்த இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில்தான் பயிற்றுவித்தார்கள். நம் திருச்சி என்ஐடியில் 2022 முதல் இயங்கும் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரிலும் ஜிபியுக்கள் உண்டு.

காசிமேட்டில் ஐம்பது பெண்கள் மீன் வெட்ட உட்கார்ந்தால் ஐம்பது கூடையும் ஒரே நேரத்தில் நடக்கும். ஏலத்தை அப்படிப் பிரிக்க முடியுமா? ஒரு விலைக்கு மேல்தான் அடுத்த விலை. ஜிபியு முதல் வகை வேலைக்கானது. ஒரு நிரலில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், கோர் எனப்படும் கணக்கிடும் அலகுகளை எத்தனை ஆயிரம் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே காட்டிய கணக்கு இது. எந்த வேலை பிரியும், எது பிரியாது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இத்துறையில் மதிப்பு. அந்த அறிவு லேப்டாப் கடையில் கிடைக்காது.

மகனிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்: ஆயிரத்துக்கு ஆயிரம் அளவுள்ள இரண்டு எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்க வேண்டும். மொத்தம் நூறு கோடிப் பெருக்கல்கள். முதலில் சாதாரண பிராசசருக்குச் சி மொழியில் எழுதட்டும், பிறகு ஜிபியுவுக்குக் குடாவில். இரண்டுக்கும் ஆகும் நேரத்தைக் குறிக்கட்டும். அடுத்து, பத்துக்குப் பத்து அணியில் அதையே செய்யட்டும். பெரும்பாலும் ஜிபியு தோற்கும், தரவை அனுப்பி வாங்கவே நேரம் போய்விடும். ஏன் தோற்றது என்று தெளிவாக விளக்கத் தெரிந்தால், பாதி நேர்முகத் தேர்வு முடிந்தது போல.

இதற்கு வீட்டில் உள்ள சாதாரண லேப்டாப்பே போதும். இணையத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்கும் கூகுள் கோலாப் இலவசமாகவே ஜிபியு தருகிறது, நேரக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. பெரும்பாலும் கிடைப்பது 2,560 கோர்கள் கொண்ட டி4 என்ற ஜிபியு. கற்கும் மாணவருக்கு அது தாராளம். ஐஐடி பேராசிரியர் நடத்தும் ஜிபியு நிரலாக்கப் பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை. வீட்டில் இரைச்சல் என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற பொதுப் படிப்பிடத்துக்குப் போகட்டும். மூன்று மாதத்தில் ‘ஜிபியு நிபுணர்’ ஆக்குகிறோம் என்று பல்லாயிரம் கேட்கும் பயிற்சி மையங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

வேலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். படித்து முடித்தவுடன் ‘ஜிபியு புரோகிராமர்’ என்ற பெயரில் கிடைக்கும் இடங்கள் குறைவு. சில்லு நிறுவனங்களின் வேலைகள் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், புணே பக்கம். பெரும்பாலோர் பைடார்ச் போன்ற தயார் நிரல் தொகுப்புகளை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அடியில் நடப்பதும் தெரிந்தவர் அவர்களில் தனித்துத் தெரிவார். அதனால் சி மொழி, நேரியல் இயற்கணிதம், கணினிக் கட்டமைப்பு ஆகிய மூன்று பாடங்களில் அவர் வாங்கிய மதிப்பெண்களை எனக்கு அனுப்புங்கள்.

இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கார்டு தேவைப்பட்டால் அப்போது பார்க்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மேசைக் கணினியே மேல். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் கேமிங் லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குடா கற்க என்விடியா கார்டுதான் வேண்டும், அதன் நினைவகம் எத்தனை ஜிபி என்றும் பார்த்து வாங்கட்டும்.