பழைய ரெட்டைக்குழலுக்கு என்ன வயது? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கி பற்றியவை. ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி பக்கம் தாத்தா காலத்து லைசென்ஸோடு வீட்டில் ஒரு பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி இருப்பது புதிதில்லை. தோப்புக் காவலுக்கும் பயிர்ப் பாதுகாப்புக்கும் வாங்கியவை. இப்போது பேரன்கள் விற்கிறார்கள், வேறு சிலர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், நடுவில் இருப்பவர்கள் வயதைக் கூட்டிச் சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி (தேவிபட்டினம்): அப்பா இறந்த பிறகு அவருடைய ரெட்டைக்குழலை நான் எடுத்துக்கொண்டு, அண்ணன் தம்பிகளுக்குப் பங்குத் தொகை கொடுப்பதாகப் பேச்சு. தரகர் ஒருவர் இது 1890-இல் செய்தது, நான்கு லட்சம் பெறும் என்கிறார். குழல் மேல் ‘வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்’ என்று இருக்கிறது. அடியில் ஒரு ஐந்து இலக்க நம்பர், ‘பேடன்ட்’ என்று இன்னொரு நம்பர், சில முத்திரைகள். வருடம் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தரகர் சொல்லும் வருடம் தப்பு. அதைச் சொல்ல நம்பர்கூட வேண்டாம், பெயரே போதும். வெப்லியும் ஸ்காட்டும் பர்மிங்காமில் தனித்தனிக் கம்பெனிகளாக இருந்து, எல்லிஸ் என்ற மூன்றாவது கம்பெனியோடு சேர்ந்து 1897-இல்தான் ஒன்றாயின. அப்போது வைத்த பெயர் இன்னும் நீளமானது. அதைச் சுருக்கி ‘வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்’ ஆக்கியது 1906-இல். ஆக, உங்கள் அப்பாவின் துப்பாக்கி 1906-க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை.

பேடன்ட் நம்பரை மறந்துவிடுங்கள். பலரும் ஏமாறுவது இதில்தான். அது அந்தப் பொறியமைப்புக்கு வாங்கிய உரிமையின் எண், உங்கள் துப்பாக்கியின் எண் இல்லை. ஒரே பேடன்ட் நம்பர் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளில் இருக்கும். அதிலும் பிரிட்டனில் 1916-க்கு முன்பு ஒவ்வொரு வருடமும் பேடன்ட் எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். வருடம் சேர்த்து எழுதாத பழைய பேடன்ட் நம்பரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1916-இல் 1,00,001 என்று தொடங்கித் தொடர்ச்சியாகக் கொடுத்தார்கள், அதனால் ஆறு இலக்கம் இருந்தால் 1916 அல்லது அதற்குப் பிறகு என்று மட்டும் தெரியும்.

அடுத்தது முத்திரைகள். முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று, விவரம் தெரிந்த ஒருவரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை, கழற்றி, குழலைப் பிரித்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தோட்டா போடும் பக்கத்தில், அடியில், ரெண்டு குழலுக்கும் ஒரு தட்டையான இடம் இருக்கும். முழுக் கதையும் அங்கேதான். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு அந்த இடத்தில் எண்ணெயும் துருவும் சேர்ந்து பிசினாக அடைத்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் விரலில் கொஞ்சம் சாக்பீஸ் தூளோ திருநீறோ எடுத்துத் தடவி, மேலாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று எழுத்து தெரியும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள்.

பர்மிங்காமில் ப்ரூஃப் ஹவுஸ் என்று ஒரு சோதனைச் சாலை 1813 முதல் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன, நமக்கு உதவுவது அதுதான். கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் தனித்தனியாக இருந்தால் 1904-க்கும் 1954-க்கும் இடையில். குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், நடுவில் எழுத்துகள் என்றால் 1904-க்கு முன்பு. சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் அடியில் ‘சி’ எழுத்தும் இருந்தால் 1887-க்கும் 1925-க்கும் இடையில். 1925-க்குப் பிறகு போர் அளவை .729 என்று தசமத்திலும், தோட்டா அறையின் நீளத்தை இரண்டரை அங்குலம் என்றும் குத்தத் தொடங்கினார்கள். ‘டன்’ கணக்கில் அழுத்தம் போட்டிருந்தால் 1954-இல் வந்த விதிகளுக்குப் பிந்தியது. நீங்கள் அனுப்பிய படத்தில் என்.பி.யும் இருக்கிறது, சாய்சதுரமும் இருக்கிறது. பெயரையும் சேர்த்துப் பார்த்தால் 1906-இலிருந்து 1925-க்குள். இவ்வளவு தெரிந்தாலே விலை பேசலாம்.

ஐந்து இலக்க நம்பர் எதற்கு என்றால், அந்த இடைவெளியைச் சுருக்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி வரிசை, ஒருவருடைய வரிசையை வைத்து இன்னொருவரின் துப்பாக்கிக்கு வருடம் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, அந்த நம்பர் குழலிலும், பொறி இருக்கும் இரும்பிலும், முன்கட்டை இரும்பிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறினாலும் வேறு துப்பாக்கியின் குழலை மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பழைய புத்தகங்களில் எழுத்தர் பேடன்ட் நம்பரையே துப்பாக்கி நம்பராக எழுதி வைத்திருப்பதுண்டு. அப்படி இருந்தால் பெயர் மாற்றும்போதே கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் திருத்துங்கள். 2016 ஆயுத விதிகளில் 25-வது விதி வாரிசுக்கு லைசென்ஸ் தர வழி செய்கிறது. அண்ணன் தம்பிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அதன் பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி (கீழக்கரை): சேதுபதி அரண்மனையில் இருந்த துப்பாக்கி என்று சொல்லி விலை கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தக் கதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (தொண்டி): குழல் மேல் ‘ரோடா, கல்கத்தா’ என்று இருக்கிறது. கல்கத்தாவிலேயே செய்தது, புரட்சிக்காரர்கள் வைத்திருந்த வகை என்று சொல்லி விற்றார்கள். அடியில் முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்து, மேலே கிரீடம். எந்த ஊர்த் துப்பாக்கி?

பதில்: பெல்ஜியம். இ.எல்.ஜி. என்பது லியேழ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. கிரீடம் சேர்ந்தது 1893-இல், அதனால் அதற்குப் பிந்தியது. பக்கத்தில் தனியாக ஒரு சின்ன எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1922 முதல் அங்கே வருடத்துக்கு ஓர் எழுத்து என்று குத்தினார்கள், ‘ஏ’ என்றால் 1922.

ரோடா, மேன்டன் எல்லாம் கல்கத்தாவின் பெரிய கடைகள். வெளிநாட்டில் செய்யச் சொல்லி வரவழைத்து, தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். அதில் தப்பில்லை, அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரிந்த வியாபாரம். பெயரைக் காட்டி இன்றைக்கு ஊரை மாற்றிச் சொல்வதுதான் மோசடி. ரோடா கடைக்கு வந்த சரக்கில் புரட்சியாளர்கள் கைப்பற்றியது 1914 ஆகஸ்டில், அதுவும் மவுசர் கைத்துப்பாக்கிகளை. உங்கள் ரெட்டைக்குழலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கும் இதே விதத்தில் நடந்தது. முகப்பில் மெட்ராஸ் கம்பெனிப் பெயர் இருந்த சுவர்க் கடிகாரம் ஒன்றை இங்கிலாந்தில் செய்தது என்று சொல்லி ஒரு பழைய சாமான் கடையில் என் தலையில் கட்டினார்கள். பின்தகட்டைத் திறந்தால் ஜெர்மன் முத்திரை. திருப்பிக் கொடுக்கப் போனபோது ‘பழைய சாமானுக்கு ஏது பில்’ என்று அனுப்பிவிட்டார்கள். உங்களிடம் பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்கியதால் நீங்கள் நுகர்வோர்தான். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நடக்காவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி (பரமக்குடி): வாட்ஸ்அப்பில் ‘ஆன்டிக் துப்பாக்கி, லைசென்ஸ் தேவையில்லை’ என்று பார்த்து 15,000 ரூபாய் அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன். இப்போது போக்குவரத்துச் செலவு என்று இன்னும் கேட்கிறார்கள்.

பதில்: உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இனி ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஆளையும் பார்க்கவில்லை, பொருளையும் பார்க்கவில்லை, முத்திரைப் படம்கூடக் கேட்கவில்லை. அந்தத் துப்பாக்கி நிஜமாகவே வீட்டுக்கு வந்திருந்தால் ஆயுதச் சட்ட வழக்கும் சேர்ந்து வந்திருக்கலாம்.

கேள்வி (சாயல்குடி): வாங்கிய துப்பாக்கி துருப்பிடித்திருந்ததால் லேத் பட்டறையில் கொடுத்து பஃபிங் போட்டுக் கருப்பு ஏற்றினேன். புதிது போல் இருக்கிறது. இப்போது விற்கலாம் என்றால் கடைக்காரர் நம்பர் தெரியவில்லை என்று வாங்க மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. எத்தனை முறை எழுதுவது? பழைய இரும்புப் பொருள் எதையும் பாலிஷ் போடாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், பட்டறையில் கொடுக்காதீர்கள். துரு போகட்டும் என்று தேய்க்கிறீர்கள், துருவோடு சேர்ந்து முத்திரையும் போகிறது. முத்திரை அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது, பஃபிங் சக்கரம் இரண்டு சுற்றில் தின்றுவிடும். அது போனால் வருடம் தெரியாது, ஊர் தெரியாது, பழைய கரிமருந்துக்கா, இன்றைய புகையில்லா மருந்துக்கா, எந்த மருந்துக்குச் சோதித்த குழல் என்பது தெரியாது. எந்த மருந்து என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தேய்த்த குழல் மெலிந்தும் போயிருக்கும். அன்றைக்குச் சோதனைச் சாலையில் தாங்கிய குழல் இன்றைக்கு இல்லை.

நம் சட்டம் இன்னும் கடுமை. 1959 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவைப் படியுங்கள். துப்பாக்கியில் உள்ள பெயரையோ நம்பரையோ அழிப்பது குற்றம், அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்பதும் கூடாது. அடையாளம் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். உங்களிடம் வாங்க மறுத்த கடைக்காரர் சரியாகத்தான் செய்தார். பட்டறைக்காரர் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு வேலை செய்துவிட்டுப் போய்விடுவார், மாட்டுவது நீங்கள்.

என் வீட்டில் ஒரு பித்தளைக் கப்பல் விளக்கு இருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கியது. விற்றவர் பளபளவென்று தேய்த்து, செய்தவர் பெயர் இருந்த தகட்டையும் பிடுங்கிவிட்டுத்தான் கொடுத்தார், அந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை மட்டும் இருக்கிறது. எந்த நாடு, எந்தக் காலம் என்று காட்டிய ஒருவராலும் சொல்ல முடியவில்லை. விளக்கு என்பதால் விட்டுவிட்டேன். துப்பாக்கியை அப்படி விட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: முன்கட்டை இரும்பிலும் பொறி இரும்பிலும் நம்பர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், பட்டறைக்காரர் பெரும்பாலும் குழலைத்தான் தேய்த்திருப்பார். இருந்தால் படம் எடுத்து, லைசென்ஸ் புத்தகத்தோடும் வாங்கிய ரசீதோடும் வக்கீல் ஒருவரைப் பார்த்து, அவர் மூலம் கலெக்டர் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுங்கள். நீங்களாக நம்பரைத் திரும்பக் குத்த நினைக்காதீர்கள், அதுவும் அதே பிரிவில் குற்றம். விற்பது பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி (ஏர்வாடி): குழலில் வரிவரியாகப் பாம்புத்தோல் போல் கோலம் தெரிகிறது. கடையில் கிடைக்கும் தோட்டா போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது டமாஸ்கஸ் குழல், இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்தது, பெரும்பாலும் கரிமருந்துக் காலத்து வேலை. தோட்டா அறையும் இரண்டரை அங்குலமாக இருக்கலாம், இப்போதைய தோட்டாக்களில் பல இரண்டே முக்கால். வெளியே அழகாக இருந்தாலும் கடலோரத்தில் உள்ளே குழி விழுந்திருக்கும். வைத்துப் பாருங்கள், சுடாதீர்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று சேகரிப்புக்கு வாங்கலாமா?

பதில்: முடியாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான்.

கேள்வி (முதுகுளத்தூர்): கணவர் இறந்ததும் அவருடைய துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற கடையில் ஒப்படைத்தேன். மாதாமாதம் வாடகை கட்டினேன். பழைய இரும்பு, நம்பரும் தெரியவில்லை, யாரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி 4,000 ரூபாய் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அதையே பெரிய விலைக்கு விற்றதாகக் கேள்விப்படுகிறேன். நான் படிக்காதவள், பிள்ளை எழுதுகிறான்.

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நம்பர் தெரியவில்லை என்றவர் அதை எப்படி விற்றார்? அடையாளம் இல்லாததை விற்கவே முடியாது என்று மேலே எழுதியிருக்கிறேன். விற்றிருந்தால் நம்பர் இருந்திருக்கிறது, உங்களிடம் சொன்னது பொய்.

ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவில், ஒப்படைத்தவரோ அவருடைய வாரிசோ அந்தத் துப்பாக்கியைத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லி, விற்ற பணத்தைப் பெற உரிமை உண்டு. அதாவது வாங்குபவரை நீங்களே தேடியிருக்கலாம், கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பாதுகாத்துத் தருவது ஒரு சேவை, அந்தச் சேவையில் ஏமாற்றியதாக நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். கணவரின் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் செய்தவர் பெயரும் நம்பரும் இருக்கும், அந்தப் பக்கத்தை நகல் எடுங்கள். கடைக்காரர் வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று விசாரிக்கும்படி கலெக்டருக்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். தம்பி, அந்த லைசென்ஸ் பக்கத்தின் படத்தை எனக்கும் அனுப்பு, என்ன துப்பாக்கி, எந்தக் காலத்தது என்று பார்த்து எழுதுகிறேன், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

கேள்வி (பாம்பன்): அமெரிக்க ஒற்றைக்குழல். எங்கே தேடியும் நம்பர் இல்லை. தேய்த்த தடமும் இல்லை. திருட்டுப் பொருளா?

பதில்: அதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் நம்பர் கட்டாயம் என்று வந்தது 1968 சட்டத்தில். அதற்கு முன் செய்த மலிவான ஒற்றைக்குழல்கள் பல நம்பர் இல்லாமலே வந்தன. லைசென்ஸ் புத்தகத்தில் என்ன அடையாளம் எழுதியிருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, குழலில் உள்ள கம்பெனிப் பெயரோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள்.