மீனம்பாக்கம் போதாதா, பரந்தூர் வேண்டுமா? கேள்வி பதில்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில், அதாவது ஏடிசியில், பல வருஷம் வேலை பார்த்தவன் நான். மீனம்பாக்கத்தில் இப்போது இருக்கும் சென்னை விமான நிலையம், காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் கட்டத் திட்டமிடும் புது நிலையம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

தாம்பரத்திலிருந்து: சார், மீனம்பாக்கத்துல ரெண்டு ரன்வே இருக்கே. அப்புறம் ஏன் மேலேயே சுத்த விடுறாங்க?

ஓடுபாதை இரண்டு இருக்கிறது, ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கிறது. பெரியது 07/25, சுமார் 3.66 கிலோமீட்டர். சின்னது 12/30, அதைவிட 700 மீட்டர்போலக் குறைவு. ஒன்றில் விமானம் ஓடும்போது இன்னொன்றில் வருவது அந்தச் சந்திப்பைத் தாண்டக் கூடாது. அதனால் கணக்குக்கு இரண்டு என்றாலும் நெரிசல் நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெங்களூரில் 2019 டிசம்பரில் திறந்த இரண்டாவது ஓடுபாதை முதலாவதுக்கு இணையாக இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

பல்லாவரத்திலிருந்து: 2023-ல புது டெர்மினல் திறந்தாங்களே, அதுல தீராதா?

டெர்மினல் பயணிகள் உட்காரும் இடம். நெருக்கடி எங்கே என்பது டவரில் நின்றால்தான் தெரியும். ஒரு ஏ-320 விமானம் தரையைத் தொட்டதிலிருந்து ஓடுபாதையை விட்டுத் திரும்பி வெளியேற 50 வினாடி ஆகும், சில சமயம் ஒரு நிமிஷம் தாண்டும். அதுவரை புறப்பட நிற்கும் விமானம் ஓடுபாதைக்கு வெளியே போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். இறங்க வருவது இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி விளக்குப் போட்டுக்கொண்டு தெரியும். முன்னால் இறங்கியது போயிங் 777 என்றால், அது கிளப்பிவிட்ட காற்றுச் சுழல் அடங்க, பின்னால் வரும் ஏ-320-ஐ 9 கிலோமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். டெர்மினலுக்கு எத்தனை கதவு வைத்தாலும் இந்த இடைவெளி குறையாது. வேகத்தை அதிகம் குறைக்காமலே சாய்வாகத் திரும்பி வெளியேறும் டாக்சிவே, அதாவது ஓடுபாதையிலிருந்து பிரியும் இணைப்புப் பாதை, இருந்தால் ஓடுபாதையில் இருக்கும் நேரம் குறையும். ஒவ்வொரு விமானத்துக்கும் பத்து வினாடி மிச்சம் என்றால் மணிக்கு இரண்டு மூன்று விமானம் கூடுதலாக நுழையும்.

கல்லூரி மாணவர்: 07, 25-னா என்ன சார்?

திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசி சைபரை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் தம்பி.

லண்டனிலிருந்து: இங்கே கேட்விக் விமான நிலையத்தில் ஒரே நேரத்தில் ஒரு ஓடுபாதைதான் பயன்படுகிறது. 2019-ல் 4.6 கோடிப் பேர் போய்வந்தார்கள். சென்னை 2023-24-ல் 2.1 கோடிதான். புது விமான நிலையம் எதற்கு?

நல்ல கேள்வி, இதை மழுப்பக் கூடாது. கேட்விக்கில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 55 விமானம் வரை ஏறி இறங்குகிறது. சுற்றிலும் டாக்சிவே, நிறுத்த இடம், நாள் முழுக்கப் பரவிய அட்டவணை எல்லாம் சேர்ந்துதான் அது நடக்கிறது. சென்னைக்கு இருப்பது சுமார் 1,300 ஏக்கர், இறங்கிய விமானத்தை நிறுத்தவே இடம் தேட வேண்டும். ஆனாலும் மீனம்பாக்கத்தை இன்னும் கொஞ்சம் பிழியலாம் என்பதே என் கருத்து. அது சில வருஷ அவகாசம் தரும். அதற்கப்புறம் இங்கேயும் முட்டும். கேட்விக்குக்கே பக்கத்து ஓடுபாதையையும் வழக்கமாகப் பயன்படுத்த 2025 செப்டம்பரில் அனுமதி கொடுத்துவிட்டார்களே.

பொழிச்சலூரிலிருந்து: மீனம்பாக்கத்துலேயே இணையா இன்னொண்ணு போட முடியாதாண்ணா?

இரண்டிலும் தனித்தனியாக ஒரே நேரத்தில் இறக்க வேண்டுமென்றால் நடுவில் குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும். ஒரு பக்கம் ஜிஎஸ்டி ரோடு, மறு பக்கம் அடையாறு, சுற்றுவட்டாரத்தில் பரங்கிமலை, பல்லாவரம் மலை, மிச்சமெல்லாம் உங்களைப் போன்றவர்கள் வீடு. இப்போது இருக்கும் சின்ன ஓடுபாதையையே ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் சில நாள் மூடிக் கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பரந்தூர்த் திட்டத்துக்கு நிலம் கேட்கும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரம் பக்கத்திலிருந்து: ஐயா, எங்க ஏரிய மூடித்தான் உங்க பிளேன் இறங்கணுமா?

அம்மா, உங்கள் கேள்விக்கு ஓடுபாதைக் கணக்கால் பதில் சொல்ல முடியாது. பரந்தூர்த் திட்டத்துக்கு சுமார் 5,700 ஏக்கர் கேட்கிறார்கள். அதில் பட்டா நிலம் மட்டுமில்லை, ஏரியும் வாய்க்காலும் இருக்கிறது. பாலாற்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகும் கம்பன் கால்வாய் அந்த நிலத்துக்குள்தான் போகிறது. 2022-லிருந்து உங்கள் ஊர் வேலை முடித்து வந்து ராத்திரி கூடிப் போராடுகிறது, 2024 தேர்தலையே புறக்கணித்தது. மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

இணை ஓடுபாதை உள்ள ஒரு நிலையம் சென்னைக்கு வேண்டும் என்று நம்புகிறவன்தான் நான். அதனாலேயே சொல்கிறேன். ஓடுபாதை என்றால் கிலோமீட்டர் கணக்கில் தட்டையான, தண்ணீர் உள்ளே இறங்காத தரை. அங்கே ஏரி வாங்கிக்கொண்டிருந்த மழைநீர் வேறெங்காவது போயாக வேண்டும். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பும், எந்த ஏரி நிரம்பும், கீழே இருக்கும் ஊருக்கு என்ன ஆகும் என்ற வரைபடத்தை உங்கள் ஊர் கிராம சபையில் விரித்து, தமிழில் விளக்கி, நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் நிலத்தைக் கேட்க வேண்டும். மீனம்பாக்கத்தைப் பிழிந்து கிடைக்கும் அந்தச் சில வருஷத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.