நஞ்சும் உடம்பும்: இந்த வாரக் கடிதங்கள்

எலியின் உடம்பிலிருந்து பிஎஃப்ஓஏ என்கிற நான்ஸ்டிக் பூச்சு ரசாயனம் சில மணி நேரத்தில் போய்விடுகிறதாமே, நமக்கு மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கு? (இந்திராநகர்)

பெண் எலிக்குத்தான் மணிக்கணக்கு. ஆண் எலிக்கே நாள்கணக்கு. மனிதனுக்குப் பாதி வெளியேறவே இரண்டு முதல் நான்கு வருடம். கல்லீரல் இதைச் சிதைப்பதில்லை. சிறுநீரகம் வடிகட்டியதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெண் எலியில் அந்த இழுப்பு குறைவு. எலிக்கணக்கை மனிதனுக்குப் போடாதீர்கள்.

பினாயில் போட்ட தரையைப் பூனை நக்கிவிட்டது. என்ன செய்வது? (ஊர் பெயர் இல்லை)

எப்போது நக்கியது? கறுப்பு பினாயிலா, வெள்ளையா? பூனை என்ன எடை? எதுவும் இல்லை. கடிதம் எனக்கு வந்து சேரவே ஒரு வாரம். பூனைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கறுப்பு பினாயிலில் உள்ள ஃபீனால் வகைகளை நாயின் கல்லீரல் குளுக்குரானிக் அமிலத்தோடு கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பூனைக்கு அந்தக் கட்டுகிற நொதி போதாது.

பெங்களூர்க் கழிவுநீர் சேரும் வர்த்தூர் ஏரியோரப் புல் தின்னும் மாட்டின் பால். நன்றாகக் காய்ச்சினால் நஞ்சு போய்விடும்தானே?

போகாது. எத்தனை வருடமாக இதையே எழுதுகிறேன்! காய்ச்சினால் கிருமி சாகும். ஈயத்துக்கு உயிரா இருக்கிறது, சாக? பால் சுண்டச் சுண்ட ஆவியாவது தண்ணீர் மட்டும். ஐந்து லிட்டரைக் கோவாவாக்கினால் அதிலிருந்த உலோகமெல்லாம் ஒரு கிலோவுக்குள் வந்துவிடும்.

அதற்காக அலறவும் வேண்டாம். மாடு தின்ற ஈயத்தில் பெரும்பகுதி குடலில் ஏறாமலே சாணியோடு போய்விடும். ஏறியதில் பெரும்பங்கு எலும்பில் உட்காரும்; கால்சியம் என்று ஏமாந்து உடம்பு அங்கே சேர்த்து வைக்கிறது. காட்மியம் சிறுநீரகத்திலும் ஈரலிலும் தங்கும். பாலுக்கு வருவது கொஞ்சம்தான். (ஈரல் வாங்கித் தின்கிறவர்கள் யாரும் எனக்கு எழுதுவதில்லை.) ஆனால் கன்று ஈன்றதும் பாலுக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும், கூடவே ஈயமும் இறங்கும். அதாவது, புல்லை மாற்றிய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது.

பாலில் தாராளமாக வருபவை கொழுப்பில் கரைகிற டிடிடி என்ற பூச்சிமருந்து, பிசிபி என்ற மின்மாற்றி எண்ணெய் ரசாயனம் போன்றவை. கல்லீரல் டிடிடியை டிடிஈ ஆக்கும். அது இன்னும் பிடிவாதம். நீரில் கரையாததால் சிறுநீரில் போக வழியில்லை. கறவை மாட்டுக்குப் பால்தான் பெரிய வாசல். வெண்ணெயில் அது திரளும், நெய்யில் இன்னும் கூடும். "நெய்யாக உருக்கினால் சுத்தம்" என்று எழுதிய சிவாஜிநகர் வாசகருக்கும் இதே பதில். மாற்ற வேண்டியது புல்லை, அடுப்பை அல்ல.

ஏரி மீனை மூன்று நாள் நல்ல தண்ணீரில் விட்டால்?

சேற்று வாடை குறையும், நஞ்சு போகாது. மீனில் சேரும் பாதரச வகையான மெத்தில் பாதரசம் பித்தத்தோடு குடலில் இறங்கி, அங்கிருந்து திரும்ப ரத்தத்துக்கே ஏறிவிடும். மாதக்கணக்காகும்.

பருந்தின் உதிர்ந்த இறகில் பாதரசம் தெரியுமா? (அல்சூர்)

தெரியும். முளைக்கும் இறகில் போய் ஒட்டிக்கொள்ளும். இறகு உதிர்ப்பதே பறவைக்கு ஒரு கழிவு வழி.

சாலைப் புகையில் திரியும் நாய்க்குக் கல்லீரலைச் சுத்தம் செய்யும் டானிக் கொடுக்கலாமா?

கழற்றிக் கழுவி மாட்ட அது வடிகட்டி இல்லை. புகையிலுள்ள பென்சோபைரீன், கல்லீரல் நொதிகள் அதை மாற்றும்போதுதான் டிஎன்ஏவில் ஒட்டுகிற பொருளாகிறது. அந்த வேலையை முடுக்கிவிடவா டானிக்? அப்புறம், எந்த டானிக், நாய் என்ன எடை? அதையும் எழுதவில்லை.