நீர் சேர்த்தால் அமிலத்தின் வலிமை கூடுமா? கே.ஏ. உண்மையில் எதைச் சொல்கிறது?

அசிட்டிக் அமிலத்தில் நீர் சேர்க்கச் சேர்க்க, அயனியாகப் பிரியும் சதவீதம் கூடும் என்று நீங்கள் கவனித்தது சரிதான். ஆனால் அமிலத்தின் வலிமை கூடுவதில்லை. வலிமையைச் சொல்வது கே.ஏ. (Ka) என்ற சமநிலை மாறிலி: பிரிந்த அயனிகளின் செறிவுகளைப் பெருக்கி, பிரியாத அமிலத்தின் செறிவால் வகுத்தால் வருவது. வெப்பநிலை மாறாதவரை அது அசையாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அசிட்டிக் அமிலத்தின் கே.ஏ. 25 டிகிரி செல்சியஸில் 1.8 × 10⁻⁵. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ 0.00134 மோலார். அதாவது நூறு மூலக்கூறில் ஒன்றரைகூடப் பிரியவில்லை. இதையே நூறு மடங்கு நீர்க்கச் செய்து 0.001 மோலார் ஆக்கினால், அயனிச் செறிவு 0.000125, பிரிந்தது 12.5 சதவீதம்.

ஏன் இப்படி? கே.ஏ. கோவையில் மேலே இரண்டு அயனிகளின் செறிவுகள் பெருக்கலில் நிற்கின்றன, கீழே பிரியாத அமிலம் ஒன்றுதான். நூறு மடங்கு நீர்த்ததும் மேலே பத்தாயிரம் மடங்கு குறையும், கீழே நூறு மடங்குதான் குறையும். விகிதம் கே.ஏ.வை விடத் தாழ்ந்துவிடுவதால், அது பழைய மதிப்புக்குத் திரும்பும்வரை இன்னும் சில மூலக்கூறுகள் பிரிகின்றன. சதவீதம் ஏறுவதே மாறிலி மாறாமல் இருப்பதால்தான்! எனக்கு இது பிடிபட்ட நாளில்தான் இந்தப் பாடமே பிடித்தது.

அதற்கு முன் நானும் பி.எச். மதிப்பை (ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அயனிகள் அதிகம்) வைத்தே வலிமையை முடிவு செய்துகொண்டிருந்தேன். 0.0001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 4, 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கோ 2.9. இதை மட்டும் பார்த்தால் அசிட்டிக் அமிலம்தான் வலியது என்று தோன்றும். உண்மையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமே வலியது. பி.எச். செறிவையும் சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கே.ஏ.வின் இன்னொரு பயன், வினை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வது. ஃபார்மிக் அமிலத்தின் கே.ஏ. 1.8 × 10⁻⁴. அசிட்டிக் அமிலம், ஃபார்மேட் அயனிக்கு (ஃபார்மிக் அமிலம் பிரிந்து வரும் அயனி) புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து ஃபார்மிக் அமிலமாக்கும் வினையின் சமநிலை மாறிலி வேண்டுமா? கொடுக்கும் அமிலத்தின் கே.ஏ.வை, உருவாகும் அமிலத்தின் கே.ஏ.வால் வகுத்தால் போதும்: 0.1. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் சமநிலை இடப்பக்கமே, அதாவது வினைபடு பொருள்கள் பக்கமே சாயும்.

அப்புறம் ஒன்று: வலிமை குறைந்தது என்றால் ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் கே.ஏ. 10⁻³ஐ விடக் குறைவு. ஆனால் அது கண்ணாடியையே அரிக்கும், தோல் வழியே உள்ளிறங்கி உடலின் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும்.